மகள் கனடாவில், மகன் மெல்பேணில்: எந்த வீசா எடுப்பது?

ஓய்வுபெற்ற பிறகு வெளிநாட்டில் போய் இருக்க நினைப்பவர்கள் கேள்விகளை எழுதி அனுப்பலாம் என்று போன இதழில் இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைந்துவிட்டன. நான் சட்டத்தரணி இல்லை. கொழும்பில் ஒரு வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் 29 வருடம் வேலை செய்தவள். கணக்கை மூடிக்கொண்டு "இனி வரமாட்டோம், பிள்ளை" என்று கைப்பிடித்துச் சொல்லிவிட்டுப் போனவர்கள், இரண்டு வருடத்தில் அதே கவுண்டருக்குத் திரும்பி வந்து புதுக் கணக்கு திறந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த முகங்களை நினைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 66 வயது, கணவருக்கு 70. இருவரும் அரசாங்கப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர்கள். மகள் ஸ்காபுரோவில், மகன் மெல்பேணில். இரண்டு பேரும் "தனியே இருந்து என்ன செய்கிறீர்கள், வந்துவிடுங்கள்" என்கிறார்கள். பிளாட்டை விற்றுவிட்டு ஒரேயடியாகப் போய்விடலாமா? எந்த வீசா நல்லது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

டீச்சர், பிளாட்டை விற்கிற பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

முதலில் கனடா. அங்கே பெற்றோருக்கு இரண்டு வழி. ஒன்று நிரந்தர வதிவிடம். பிள்ளை பொறுப்பேற்று எடுப்பது. அதற்கு விருப்பப் படிவம் போட்டவர்களில் இருந்து குலுக்கி எடுத்து வந்தார்கள். 2020இல் போட்ட படிவங்களை வைத்துத்தான் அதற்குப் பின்வந்த வருடங்களிலும் அழைப்பு அனுப்பினார்கள். உங்கள் மகள் 2020இல் படிவம் போட்டாரா என்று முதலில் கேளுங்கள். போடவில்லை என்றால் அந்த வழியை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கிடைத்தாலும், கியூபெக் தவிர்ந்த இடங்களில் மகள் 20 வருடத்துக்கு உங்கள் செலவுக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். நீங்களும் ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று இருக்க நினைக்கிறவர்கள் இந்த எண்ணிக்கையை மறந்துவிடுகிறார்கள்.

மற்ற வழி சூப்பர் வீசா. பத்து வருடம் வரை போய்வரலாம். 2022 ஜூலையில் இருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். முன்பு இரண்டு வருடம்தான். மகளின் வருமானம் அரசு சொல்லும் அளவுக்கு மேல் இருக்க வேண்டும், உங்கள் இருவருக்கும் மருத்துவப் பரிசோதனை, ஒவ்வொருவருக்கும் குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதி. கடைசியாகச் சொன்ன அந்தக் காப்புறுதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். 2018 கார்த்திகையில் சூப்பர் வீசாவில் போனார். அவருக்குப் பிரஷர் இருந்தது, ஒரு குளிசையில் அடங்கியிருந்தது. புறப்பட மூன்று கிழமை இருக்கையில் இங்கே டொக்டர் பார்த்து, "பிளேனில் போகிறீர்கள், கொஞ்சம் கூட்டிவிடுவோம்" என்று 5 மில்லிகிராமை 10 ஆக்கினார். குளிசை அட்டையில் 5ஐ வெட்டி 10 என்று நீலப் பேனையால் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை அப்படியே கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். தை மாதத்தில் ஒரு விடியற்காலை தலைசுற்றி விழுந்து ஆஸ்பத்திரியில் மூன்று இரவு. சூப்பர் வீசாவில் போகிறவருக்கு ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்பு இல்லை. காப்புறுதிக் கம்பனி பணம் தர மறுத்துவிட்டது. பயணத்துக்கு முன்னான 180 நாளில் மருந்தின் அளவு மாறியிருந்தால் அந்த வருத்தம் "நிலையாக இருந்த வருத்தம்" ஆகாது, அதற்குக் காப்பு இல்லை என்று ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்தது. மருமகன் அந்தக் கணக்கை இரண்டு வருடம் தவணையில் கட்டினார். அந்த இரண்டு வருடமும் அக்கா அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே சாப்பிட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே டீச்சர், போகிற திகதியை உங்கள் குளிசைகள் தீர்மானிக்கட்டும். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எது இருந்தாலும், டொக்டரிடம் போய் "மருந்தை மாற்றுவதென்றால் இப்போதே மாற்றுங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு காப்புறுதியில் சொல்லும் நாள் கணக்கு, 90 ஆகட்டும் 180 ஆகட்டும், முடியும் வரை வீட்டில் இருங்கள். மலிவான காப்புறுதியில் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்கு எதுவும் இல்லை. "விலை குறைவு, அம்மா" என்று மகள் சொன்னால், அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அவுஸ்திரேலியாவுக்கு வருகிறேன். அங்கே நிரந்தரப் பெற்றோர் வீசாவுக்கு "குடும்பச் சமநிலை" என்று ஒரு கணக்கு உண்டு. பிள்ளைகளில் குறைந்தது பாதிப்பேர் அவுஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும், அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் உள்ளதைவிடக் கூடுதலான பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவர் அங்கே. சரியாகப் பாதி, ஆகவே நீங்கள் தேறுகிறீர்கள். மூன்றாவது பிள்ளை ஒன்று லண்டனிலோ கொழும்பிலோ இருந்திருந்தால் தேறியிருக்க மாட்டீர்கள். ஆனால் தேறுவது வேறு, கிடைப்பது வேறு. காசு கட்டாத சாதாரண வரிசையில் காத்திருப்பு 30 வருடம் அளவில் என்று அந்த நாட்டு உள்துறையே சொல்கிறது. உங்கள் கணவருக்கு 70. இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. காசு கட்டும் 143 வகைக்கு ஒருவருக்கே 40,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல், அதிலும் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பு. உங்கள் வயதுக்குப் பொருந்துவது 870 என்ற தற்காலிகப் பெற்றோர் வீசாதான். மூன்று அல்லது ஐந்து வருடம், மொத்தமாகப் பத்து வருடத்துக்கு மேல் இல்லை. இதற்குக் குடும்பச் சமநிலைக் கணக்கு கிடையாது. வேலை செய்ய முடியாது, மருத்துவக் காப்புறுதி உங்கள் பொறுப்பு.

என் அபிப்பிராயம்: இருவரும் சூப்பர் வீசா எடுத்து, ஒரு முழுக் குளிர்காலம் மகளோடு இருந்து பாருங்கள். ஜூன் மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு ஸ்காபுரோவைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு காலை எட்டில் இருந்து மாலை ஆறு வரை நீங்கள் இருவரும் என்ன செய்வீர்கள், உங்களுக்குத் தருகிற அறை பேஸ்மென்டில் என்றால் கணவர் அந்தப் படிகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார், பனிக்காலத்தில் யார் டொக்டரிடம் கூட்டிப்போவது, இவையெல்லாம் அங்கே இருந்தால்தான் தெரியும். பிளாட்டைப் பூட்டி வையுங்கள், அல்லது நம்பிக்கையான ஆளுக்கு வாடகைக்குக் கொடுங்கள். சூப்பர் வீசாவும் 870உம் ஒருநாள் முடிகிற வீசாக்கள். முடிகிற அன்றைக்கு வந்து இறங்க ஒரு கதவு வேண்டும். இன்று வெள்ளவத்தையில் விற்றுவிட்டால், நாளைக்கு அதே காலி வீதியில் இன்னொரு பிளாட் வாங்க அந்தக் காசு காணாது.

ஓய்வூதியம் பற்றிப் பயப்பட வேண்டாம், வெளிநாட்டில் இருந்தாலும் வரும். வருடா வருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை இங்கே கிராம சேவகரிடம் எடுப்பதுபோல, அங்கே இலங்கைத் தூதரக அலுவலகத்தில் எடுக்கலாம். டொரண்டோவில் துணைத்தூதரகம் இருக்கிறது. புறப்படுமுன் மாளிகாவத்தை ஓய்வூதியத் திணைக்களத்துக்கு வெளிநாட்டு முகவரியை எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: வயது 72, கணவர் இல்லை. மகன் லண்டனில் பிரித்தானியப் பிரஜை. "அம்மாவை நிரந்தரமாக எடுத்துத் தருகிறோம்" என்று இங்கே ஒரு முகவர் 4 இலட்சம் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

கொடுக்க வேண்டாம், அம்மா. 2012 ஜூலையில் பிரித்தானியா அந்தச் சட்டத்தை மிகவும் இறுக்கிவிட்டது. வயதாலோ வருத்தத்தாலோ, அன்றாடம் இன்னொருவர் உதவி இல்லாமல் உங்களால் இயங்க முடியாது என்றும், மகன் காசு அனுப்பினாலும் இலங்கையில் அந்தப் பராமரிப்பு கிடைக்காது என்றும் காட்ட வேண்டும். நீங்கள் தானே எழுதிய கடிதத்தைத் தானே போய்த் தபாலில் போட்டிருக்கிறீர்கள். அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். சொந்த வருமானத்தோடு ஓய்வெடுக்க வருகிறவர்களுக்கென்று இருந்த வீசாவையும் 2008லேயே மூடிவிட்டார்கள்.

உங்களுக்குரியது வருகை வீசா. பத்து வருடத்துக்கும் எடுக்கலாம், ஆனால் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான். அந்த ஆறு மாதத்தை வருடா வருடம் முழுதாகத் தங்கி, அங்கேயே குடியிருப்பதுபோல் ஆக்காதீர்கள். விமான நிலையத்தில் மறித்துக் கேட்பார்கள். கோடையில் மூன்று நான்கு மாதம் போய் மகனோடு இருந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. தனியார் நிறுவனத்தில் இருந்து ஓய்வு. ஊழியர் சேமலாப நிதிக் காசும் கொஞ்சம் நிலையான வைப்பும் இருக்கிறது. பிள்ளைகள் இல்லை. மலேசியாவில் தமிழ்ச் சூழல், கோயில், சாப்பாடு எல்லாம் இருப்பதால் நானும் மனைவியும் அங்கே போய் இருக்க ஆசை. தாய்லாந்து மலிவு என்றும் சொல்கிறார்கள்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பி, உங்கள் ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் காலையில் இறங்கி நடந்தால் கொழும்பு செட்டியார் தெருவில் நடப்பது போலவே இருக்கும். ஆனால் மலேசியாவின் "எனது இரண்டாவது வீடு" திட்டம் 2002இல் தொடங்கியபோது இருந்தது இன்று இல்லை. 2020இல் நிறுத்தி, 2021இல் கடும் நிபந்தனைகளோடு திறந்து, 2024இல் திரும்பவும் மாற்றினார்கள். இப்போது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்ற தரங்களில் ஆகக் கீழே உள்ள வெள்ளித் தரத்துக்கே 150,000 அமெரிக்க டொலர் வைப்பு, அதோடு 600,000 ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு வாங்க வேண்டும், கிடைப்பது ஐந்து வருடம். தங்கத் தரத்துக்கு 500,000 டொலர். விண்ணப்பம் மலேசிய அரசின் அனுமதி பெற்ற முகவர் ஊடாகத்தான் போகும். கொழும்பில் யாராவது "மலேசிய நிரந்தர வதிவிடம்" என்று சொல்லி இதை விற்றால் நம்பாதீர்கள். இது நிரந்தர வதிவிடமும் இல்லை, குடியுரிமையும் இல்லை.

ஐந்து வருடத்துக்குள் ஒரு தடவை நின்று, இரண்டு தடவை நிபந்தனை மாறிய திட்டத்தில் வாழ்நாள் சேமிப்பைப் போடுகிறோம் என்பதை மனைவியோடு இருந்து பேசுங்கள். முதன்மை விண்ணப்பதாரர் நீங்கள். உங்களுக்கு ஒன்று நடந்தால் மனைவியின் வீசா என்னவாகும், வைப்பு யாருக்கு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

தாய்லாந்தின் ஓய்வு வீசாவுக்கு 50 வயது காணும். வங்கியில் 800,000 பாத், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம், பொலிஸ் நற்சான்று, மருத்துவச் சான்று, மருத்துவக் காப்புறுதி. வருடத்துக்கு வருடம் நீடிக்க வேண்டும், 90 நாளுக்கு ஒரு தடவை குடிவரவில் முகவரி பதிய வேண்டும். பத்து வருட ஓய்வு வீசா ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது 14 நாட்டுக்காரருக்கு மட்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முகவர் அதைக் காட்டிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி நான் வேலை செய்த பக்கத்துக் கதை. உங்கள் வருமானம் ரூபாயில், வீசா கேட்பது டொலரில் அல்லது பாத்தில். 2022 பங்குனித் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. வைகாசியில் 360ஐத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி, வெளிநாட்டு வீட்டு வாடகையைக் கட்ட வழியில்லாமல் தளபாடங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். காசை வெளியே அனுப்புவதும் நினைத்தபடி நடக்காது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் எதற்கு எவ்வளவு அனுப்பலாம் என்று வர்த்தமானியில் வருகிறது, 2020க்குப் பிறகு அந்த எல்லைகள் பல தடவை மாறின. முகவருக்கு ஒரு சதம் கொடுக்கும் முன்னால் உங்கள் வங்கிக்குப் போய், "இந்த வீசாவுக்காக இவ்வளவு காசை இந்தக் கணக்கில் இருந்து அனுப்ப விடுவீர்களா" என்று எழுத்தில் கேளுங்கள். நிரந்தரமாகக் குடிபெயர்கிறவருக்குத் தரும் சலுகை, வருடாந்த வீசாக்காரருக்கும் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், சாதாரண வருகை அனுமதியில் பினாங்கில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பேன். தைப்பூசத்துக்குப் போய் இறங்கினால் ஊரும் பார்த்ததாகும், கோயிலும் கும்பிட்டதாகும்.

கேள்வி: பிறந்தது ஹட்டன், இருப்பது வத்தளை. அப்பாவின் அம்மாவும் அப்பாவும் திருச்சிப் பக்கம். கடைசிக் காலத்தில் அங்கே போய் இருக்க முடியுமா?
– வாசகர், வத்தளை

முடியும் ஐயா, தாத்தாவின் கடதாசி கையில் இருந்தால். இந்தியாவில் ஓய்வு வீசா என்று ஒன்று கிடையாது. ஆனால் இந்திய வம்சாவளியினருக்கு வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை தருகிறார்கள். 1950 ஜனவரி 26இல் அல்லது அதற்குப் பிறகு இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அன்றைக்கு அதற்குத் தகுதியோடு இருந்தவர், அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அது வாழ்நாள் வீசா, பொலிஸ் பதிவு தேவையில்லை. வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது, வீடு வாங்கலாம். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் இது குடியுரிமை அல்ல, உங்கள் இலங்கைக் குடியுரிமை போகாது.

கஷ்டம் எல்லாம் அத்தாட்சியில். மலையகத் தமிழர் பலருக்கு இந்தியக் குடியுரிமை கொடுக்க வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பத்தில் யாராவது இந்தியக் கடவுச்சீட்டு எடுத்திருந்தால் அதைத் தேடுங்கள். பெரியப்பா வீட்டில், அத்தை வீட்டில், பழைய தகரப் பெட்டியில் கிடக்கும். எத்தனையோ குடும்பங்களில் "இனி எதற்கு" என்று அதை அடுப்பில் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்படும்போது அழுகை வரும். திருச்சிப் பக்கத்து ஊரில் பிறப்புப் பதிவோ காணிப் பதிவோ இருக்கிறதா என்றும் உறவினரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

கேள்வி: நான் லண்டன் ஹரோவில் 33 வருடம், பிரித்தானியக் குடியுரிமை. வயது 61. கொழும்புக்கே திரும்பி வர விருப்பம். "மை ட்ரீம் ஹோம்" வீசா எடுக்கவா, இரட்டைக் குடியுரிமை எடுக்கவா?
– லண்டன் வாசகர்

வாருங்கள் தம்பி. இங்கே பிறந்தவருக்கு இரட்டைக் குடியுரிமைதான். "மை ட்ரீம் ஹோம்" 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவருக்கு. 15,000 டொலர் வைப்பு, மாதம் 1,500 டொலர் கொண்டுவர வேண்டும், கூட வருகிறவருக்கு 750. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பிறந்த ஊரில் இருக்க வருடக் கணக்கில் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பானேன். 55 வயதைத் தாண்டியதே இரட்டைக் குடியுரிமைக்கு ஒரு தகுதி. பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவுத் திணைக்களம்தான் இடம். அதை எடுத்தால் காணி வாங்குவதிலும் தடை இல்லை. வெளிநாட்டவராக இருந்தால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி வாங்க முடியாது, நிபந்தனையோடு பிளாட்தான்.

ஆனால் புறப்படுமுன் உங்கள் ஓய்வூதியத்தைப் பாருங்கள். பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கையில் இருப்பவருக்கு வருடா வருடம் கூடாது. முதல் கிடைத்த தொகை எதுவோ, அதுவே 80 வயதிலும். முழுத் தொகைக்கு 35 வருடப் பதிவு வேண்டும். இன்னும் எத்தனை வருடம் குறைகிறது என்று அங்கே இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். அங்கத்தைய இலவச மருத்துவமும் அந்த நாட்டில் வசிக்கிறவருக்குத்தான். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கும் அளவுக்கு ஒரு தொகையைப் பவுணிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. வீசாவுக்கு இது பிரச்சினையா?
– வாசகி, தெகிவளை

பிரச்சினைதான், தங்கச்சி, ஆனால் தீர்க்கக்கூடியது. எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இது உண்டு. பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர், அடையாள அட்டையில் கணவர் பெயர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது விழுந்ததோ அது. எனக்கே அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஒன்றில் "கே"யில் தொடங்கும், இன்னொன்றில் "சி"யில். அதனால் ஒரு விண்ணப்பம் நாலு மாதம் கிடந்தது.

எல்லாப் பத்திரங்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒரு கடதாசியில் எழுதுங்கள். வேறுபாடுகள் அத்தனையையும் ஒரே சத்தியக் கடதாசியில் சொல்லி, "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திடுங்கள். தமிழில் உள்ள பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டைப் பக்கத்தில் வைத்து அதன்படியே எழுதச் சொல்லுங்கள். பிறகு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். அதுவும் பத்தரமுல்லை சுஹுருபாயவில்தான். வடக்கில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. மூலப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள், லாமினேட் செய்யாமல்.